படிவம் ஏன் இப்படிக் கேட்கிறது? கைபேசித் திரைக்குப் பின்னால் இருக்கும் தகவல் மாதிரி



கைபேசியில் ஒரு விண்ணப்பத்தைத் திறக்கிறீர்கள். மொபைல் எண் கேட்கும் கட்டத்தைத் தொட்டதும் எண்கள் மட்டும் உள்ள விசைப்பலகை வருகிறது. பிறந்த தேதியைத் தொட்டால் காலண்டர் விரிகிறது. மாவட்டத்தைத் தேர்வு செய்த பிறகுதான் வட்டங்களின் பட்டியல் வருகிறது. "திருமணமானவர்" என்று தட்டினால் புதிதாக இரண்டு கேள்விகள் சேர்ந்துகொள்கின்றன. எல்லாவற்றையும் நிரப்பி "சமர்ப்பி" கொடுத்தால், ஏதோ ஒரு கட்டத்தின் கீழே சிவப்பு எழுத்தில் "சரியான தகவலை உள்ளிடவும்" என்று நிற்கிறது.

"நான் சரியாத்தானே போட்டேன்! இதெல்லாம் யாருங்க முடிவு பண்றது?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். இந்தப் பாடத்தில் அதற்கான விடையைப் பார்ப்போம். விடை தெரிந்தால் இரண்டு நன்மைகள். படிவத்தைத் தவறில்லாமல் நிரப்பலாம். படிவமே தவறாக இருந்தால், அதைச் சரிசெய்யக்கூடியவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லலாம்.

கையால் கட்டிய திரையும் தானாக உருவாகும் திரையும்

ஒரு படிவத்தின் திரையை இரண்டு வழிகளில் உருவாக்கலாம்.

முதல் வழியில், மென்பொருள் எழுதுபவர் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் கட்டுகிறார். இங்கே பெயர், அதன் கீழே முகவரி, அப்புறம் ஒரு பட்டன். பத்து சேவைகளுக்குப் பத்துப் படிவங்கள் என்றால், "முகவரி" என்ற கட்டத்தைப் பத்து முறை எழுத வேண்டும். நாளைக்கு ஒரு புதிய வட்டம் உருவானால், பத்து இடங்களிலும் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனால், அந்த வட்டத்து மக்களுக்கு அந்த ஒரு படிவத்தில் மட்டும் தங்கள் ஊர் கிடைக்காது.

இரண்டாவது வழியில், திரையை யாரும் நேரடியாகக் கட்டுவதில்லை. எந்தத் தகவல் வேண்டும், அதன் அர்த்தம் என்ன, அது எந்த வகை, அதற்கு என்ன விதி, வேறு எதனோடு தொடர்புடையது என்று ஓர் இடத்தில் எழுதி வைக்கிறார்கள். அதைப் படித்து, ஒரு மென்பொருள் திரையைத் தானே உருவாக்குகிறது. அப்படி எழுதி வைக்கப்பட்டதற்குத் தொழில்நுட்ப உலகில் செமான்டிக் டேட்டா மாடல் என்று பெயர். தமிழில் "பொருள்சார் தகவல் மாதிரி" எனலாம். இந்தப் பாடத்தில் சுருக்கமாக "மாதிரி" என்றே சொல்வோம்.

குடும்ப அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குடும்பம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு தலைவர். ஒவ்வோர் உறுப்பினருக்கும் தலைவரோடு ஓர் உறவு. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு அட்டைகளில் இருக்க முடியாது. இப்படி யார் யார், அவர்களுக்குள் என்ன தொடர்பு, எது கூடும், எது கூடாது என்று எழுதுவதுதான் மாதிரி. கட்டத்துக்கு என்ன நிறம், பட்டன் எங்கே என்பதெல்லாம் அதில் முக்கியமில்லை.

ஒரு சின்னப் பயிற்சி: அட்டவணையிலிருந்து திரை

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி, ஓடிகே என்ற இலவசக் கருவி. ஓப்பன் டேட்டா கிட் என்பதன் சுருக்கம் அது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, இன்று பல நாடுகளில் கள ஆய்வுக்குப் பயன்படுகிறது. இதற்கான படிவத்தை எழுத புரோகிராமிங் தெரிய வேண்டாம். எக்ஸெல் அட்டவணை போதும். அந்த அட்டவணை முறைக்கு எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் என்று பெயர்.

அதில் கேள்விகளுக்கு ஒரு தாள், தேர்வுப் பட்டியல்களுக்கு ஒரு தாள், படிவத்தின் தலைப்பு போன்றவற்றுக்கு ஒரு தாள். கேள்வித் தாளில் ஒவ்வொரு வரியும் ஒரு தகவல். கிராமத்தில் முதியோர் பற்றி ஒரு கணக்கெடுப்பு என்று வைத்துக்கொள்வோம். வரிகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1. முழுப்பெயர். வகை: எழுத்து. கட்டாயம்.
2. பிறந்த தேதி எவ்வளவு தெரியும்? வகை: ஒன்றைத் தேர்வு செய். தேர்வுகள்: முழுத் தேதி தெரியும், ஆண்டு மட்டும் தெரியும்.
3. பிறந்த தேதி. வகை: தேதி. "முழுத் தேதி தெரியும்" என்றால் மட்டும் காட்டு.
4. பிறந்த ஆண்டு. வகை: முழு எண். "ஆண்டு மட்டும் தெரியும்" என்றால் மட்டும் காட்டு. விதி: 1900-க்கு முன்பாகவோ நடப்பு ஆண்டுக்குப் பிறகோ இருக்கக் கூடாது.
5. வயது. கேட்க வேண்டாம், மேலே உள்ளதிலிருந்து கணக்கிடு.
6. ஓய்வூதியம் பெறுகிறாரா? வயது 60 அல்லது அதற்கு மேல் என்றால் மட்டும் காட்டு.

அவ்வளவுதான். இந்த அட்டவணையை ஏற்றினால், ஆண்ட்ராய்டு செயலியில் திரைகள் தாமாக வந்துவிடும். தேதி என்று எழுதிய இடத்தில் காலண்டர் வரும், முழு எண் என்று எழுதிய இடத்தில் எண் விசைப்பலகை வரும். 45 வயதுக்காரரிடம் ஆறாவது கேள்வி வரவே வராது. அதே அட்டவணையிலிருந்து கணினியின் உலாவியில் திறக்கும் படிவத்தையும் உருவாக்கலாம். கேள்வியின் தமிழ் வாசகத்துக்கு ஒரு பத்தி, ஆங்கிலத்துக்கு ஒரு பத்தி என்று வைத்தால், ஒரே படிவம் இரண்டு மொழியிலும் ஓடும். அட்டவணையில் ஒரு வரியை மாற்றிப் புதிய பதிப்பை ஏற்றினால் எல்லாத் திரைகளும் மாறும்.

இரண்டாவது கேள்வியைக் கவனித்தீர்களா? அது சும்மா சேர்த்தது இல்லை. பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் ஏராளம். "தேதி, கட்டாயம்" என்று மட்டும் மாதிரியில் எழுதியிருந்தால், கணக்கெடுக்க வந்தவர் வேறு வழியில்லாமல் ஜனவரி 1 என்று போட்டுவிட்டுப் போவார். தெரியாத ஒன்று, தெரிந்தது போலப் பதிவாகிவிடும். ஆதார் மாதிரியில் இதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். பிறந்த தேதி ஆவணத்தால் உறுதியானதா, சொல்லக் கேட்டுப் பதிந்ததா, தோராயமானதா என்று தனியாகக் குறிக்கிறார்கள். சில ஆதார் அட்டைகளில் பிறந்த ஆண்டு மட்டும் அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரே மாதிரி, பல திரைகள்

மாதிரியிலிருந்து திரையை உருவாக்குவதில் இன்னொரு வசதி, ஆளுக்கு ஏற்பத் திரையை மாற்றலாம். வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் உங்களுக்கு நிரப்ப வேண்டிய கட்டங்கள் தெரியும். அதே விண்ணப்பத்தை விஏஓ பார்க்கும்போது, நீங்கள் எழுதியதைப் படிக்க மட்டும் முடிந்து, கூடவே அவர் அறிக்கை எழுத ஓர் இடமும் இருக்க வேண்டும். தாசில்தாருக்கு ஒப்புதல், நிராகரிப்பு என்ற முடிவும் காரணமும் வேண்டும். தகவல் ஒன்றுதான். யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்பது மட்டும் மாறுகிறது.

நம் மாநிலத்தில் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு கேன் எண் தெரிந்திருக்கும். பெயர், முகவரி போன்ற விவரங்களை ஒரு முறை பதிந்து கேன் எண் பெற்றுவிட்டால், அடுத்தடுத்த சான்றிதழ் விண்ணப்பங்களில் அவை தாமாக வந்து நிற்கும். "ஆளைப் பற்றிய தகவல்" வேறு, "விண்ணப்பத்துக்கான தகவல்" வேறு என்று பிரித்து வைப்பதன் பலன் இது. அதனால்தான் கேன் பதிவில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும், அது அடுத்து வரும் விண்ணப்பங்களுக்கும் போய்ச் சேரும். கேன் பதியும்போது இன்னும் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சரிபாருங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இதில் பலன் உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயரும் வகையும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தால், ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் போன்ற வசதிகள் "பிறந்த ஆண்டு, நிரப்ப வேண்டும்" என்று வாசித்துக் காட்டும். குறிக்காமல் விட்டால், "திருத்தும் பெட்டி" என்று மட்டும் சொல்லும். எந்தப் பெட்டி, எதற்கு என்று தெரியாது. ஓடிபி வந்ததும் அதை நிரப்பட்டுமா என்று கைபேசி கேட்பதற்கும் இப்படிப்பட்ட குறிப்பு உதவுகிறது.

இதற்கெல்லாம் பொதுவான தரங்கள் உண்டு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, படிவத்தின் தகவலையும் தோற்றத்தையும் பிரித்து எழுதும் எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற முறையை 2003-இல் வெளியிட்டது. ஓடிகே அந்த வழியில் வந்ததுதான். 2017-இல் ஷேக்கிள் என்ற தரத்தை அது வெளியிட்டது. "ஒரு நபருக்கு இந்தத் தகவல் குறைந்தது எத்தனை, அதிகம் எத்தனை இருக்கலாம்? எந்த வகை? எந்தப் பட்டியலுக்குள் இருக்க வேண்டும்?" என்று அதில் எழுதலாம். கட்டத்தின் தலைப்பு, விளக்கம், வரிசை, எந்தப் பிரிவில் வர வேண்டும் என்பதற்கும் அதில் இடம் உண்டு. ஆக, தகவலைச் சரிபார்க்கும் விதியே திரையை உருவாக்கவும் பயன்படுகிறது.

மாதிரி தவறினால் யாருக்குப் பாதிப்பு?

இதுவரை வசதிகளைச் சொன்னோம். இனி, ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய பக்கம்.

மாதிரியில் ஒரு விதி தவறாக இருந்தால், அது எல்லாத் திரைகளிலும் தவறாகவே வரும். கைபேசியில் முடியவில்லை என்று இ-சேவை மையத்துக்குப் போனாலும், அங்கேயும் அதே கட்டம், அதே சிவப்பு எழுத்துத்தான். "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதுங்க" என்று ஆபரேட்டர் சொல்வது பல நேரம் உண்மை. அவர் கையில் எதுவும் இல்லை.

சில உண்மையான உதாரணங்கள்:

தந்தை பெயர். "தந்தை பெயர், கட்டாயம்" என்று ஒரு மாதிரியில் எழுதினால், தாய் மட்டுமே வளர்த்த பிள்ளைக்கு அந்தப் படிவம் மூடிய கதவு. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் விதிகளை மாற்றியது. தந்தை, தாய், சட்டப்படியான பாதுகாவலர் ஆகியோரில் ஒருவர் பெயர் போதும் என்றானது. 2018 டிசம்பர் 5 முதல், தாயை மட்டுமே பெற்றோராகக் கொண்டவர்கள் பான் அட்டைக்குத் தந்தை பெயர் தர வேண்டிய கட்டாயமும் நீங்கியது. மாதிரியின் மொழியில் சொன்னால், "கட்டாயம்" என்ற ஒரு குறிப்பு தளர்ந்தது. அந்தப் பிள்ளைகளுக்கோ, பொய் எழுதாமல் ஒரு விண்ணப்பத்தை முடிக்கும் உரிமை கிடைத்தது.

பாலினம். பட்டியலில் ஆண், பெண் என்று இரண்டு தேர்வுகள் மட்டும் இருந்தால், திருநங்கை, திருநம்பியருக்கு அங்கே இடமில்லை. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு ஒரு குடிமகளின் கையில் பலனாகச் சேர வேண்டுமானால், தேர்வுப் பட்டியலில் ஒரு வரி கூட வேண்டும்.

நம் ஊர்ப் பெயர். க. முத்துலட்சுமி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். "க" என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. குடும்பப் பெயர் என்று நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயரைக் காலியாக விட்டு, கொடுக்கப்பட்ட பெயர் என்ற கட்டத்தில் பெயரை எழுதலாம். பல ஆண்டுகள் பான் விண்ணப்பத்துக்குப் பயன்பட்ட 49ஏ படிவமோ, ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதச் சொன்னது, இனிஷியலை ஏற்கவில்லை. ஒரே பெண், ஒரே பெயர். ஓர் இடத்தில் "கொடுக்கப்பட்ட பெயர்", இன்னோர் இடத்தில் "குடும்பப் பெயர்". இரண்டையும் ஒப்பிடும் கணினிக்கு அது பொருந்தாத பெயர். டபிள்யூ3சி-யின் உலகப் பெயர்கள் பற்றிய வழிகாட்டி, முடிந்தவரை முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைக்கும்படி சொல்கிறது.

தமிழ் எழுத்து. "தமிழ்" என்ற சொல்லில் நமக்கு எழுத்து மூன்று. கணினியின் யூனிகோடு கணக்கில் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடு, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் "எழுத்து" என்ற வகையில் சேர்க்கவில்லை, "குறி" என்ற வகையில் வைத்திருக்கிறது. "பெயரில் எழுத்துகள் மட்டும்தான் வரலாம்" என்று ஒருவர் ஆங்கிலத்தை மனதில் வைத்து விதி எழுதினால், "மி" என்று தட்டியதும் படிவம் மறுக்கும். பிழை நம் தட்டச்சில் இல்லை.

எண்ணா, அடையாளமா? வங்கிக் கணக்கு எண்ணை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. பெயரில்தான் எண், உண்மையில் அது ஓர் அடையாளம். மாதிரியில் அதை "எண்" என்று குறித்துவிட்டால், 0-வில் தொடங்கும் கணக்கில் முன்னால் உள்ள 0 காணாமல் போகும். விண்ணப்பம் ஏற்கப்பட்டிருக்கும், பணம் மட்டும் வந்து சேராது. விண்ணப்பித்த பிறகு வரும் ஒப்புகைச் சீட்டில் கணக்கு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்க்கச் சொல்வது இதனால்தான்.

படிவம் மறுத்தால் என்ன செய்யலாம்?

முதலில், எந்த வகைச் சிக்கல் என்று பிரித்துப் பாருங்கள்.

• நான் தட்டியதில் பிழையா? கூடுதல் இடைவெளி, ஆங்கிலத்தில் எழுத வேண்டிய இடத்தில் தமிழ், தேதியில் மாதமும் நாளும் இடம் மாறியது போன்றவை. இவற்றை நாமே சரிசெய்துவிடலாம்.

• தேர்வுப் பட்டியலில் என் நிலைமை இல்லையா? ஊர் பெயர் இல்லை, உறவு முறை இல்லை, பாலினம் இல்லை. இது பட்டியலில் உள்ள குறை.

• என்னிடம் இல்லாத ஒன்றைக் கட்டாயம் என்கிறதா? தந்தை பெயர், குடும்பப் பெயர், முழுப் பிறந்த தேதி. இது விதியில் உள்ள குறை.

• உண்மையான தகவலையே தவறு என்கிறதா? இதுவும் விதியில் உள்ள குறை.

பின்னால் சொன்ன மூன்றில் எதுவானாலும், "எதையாவது போட்டு முடிச்சுடலாம்" என்று புள்ளி, கோடு, இல்லாத பெயர், ஜனவரி 1 எதையும் போடாதீர்கள். அன்றைக்கு வேலை முடிந்தது போல இருக்கும். பிறகு ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் ஒப்பிடும் நாளில் அது உங்கள் பதிவாகவே நிற்கும். திருத்த அலைய வேண்டியதும் நீங்கள்தான்.

மாறாக, ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அதில் ஆதார் எண், கணக்கு எண் தெரிந்தால் மறைத்துவிடுங்கள். "ஆப் வேலை செய்யல" என்று மட்டும் புகார் எழுதினால், படிப்பவருக்கு எங்கே தேடுவது என்று தெரியாது. இந்த நான்கையும் எழுதுங்கள்: எந்தச் சேவை, எந்தக் கட்டம், நீங்கள் என்ன உள்ளிட்டீர்கள், என்ன செய்தி வந்தது. கூடவே உங்கள் நிலைமையை ஒரே வரியில் சொல்லுங்கள். உதாரணமாக:

"சான்றிதழ் விண்ணப்பத்தில் தந்தை பெயர் கட்டாயம் என்று உள்ளது. நான் தாயின் பொறுப்பில் வளர்ந்தவள். தாய் பெயரை மட்டும் ஏற்கும்படி விதியை மாற்ற வேண்டும்."

இப்படி எழுதினால், மாதிரியில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று படிப்பவருக்குத் தெரியும். மாநில அரசுச் சேவை என்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-இல் சொல்லலாம். மத்திய அரசுச் சேவை என்றால் சிபிகிராம்ஸ் தளத்தில் பதியலாம். இரண்டிலும் தரப்படும் பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இடையில் சான்றிதழ் அவசரமாகத் தேவைப்பட்டால், சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுவும் கொடுங்கள். ஒரு விதி மாறினால் உங்களுக்கு மட்டுமல்ல, உங்களைப் போலவே அதே கட்டத்தில் நின்றுபோன அடுத்தவருக்கும் வழி திறக்கும்.

வீட்டுப் பயிற்சி

உங்கள் தெருவின் குடிநீர் இணைப்புகளைக் கணக்கெடுக்க ஒரு படிவம் தயாரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஏழெட்டு வரிகள் எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயங்கள்: என்ன தகவல், எந்த வகை, கட்டாயமா, எப்போது காட்ட வேண்டும்.

எழுதி முடித்ததும் மூன்று வீடுகளை மனதில் வைத்து நிரப்பிப் பாருங்கள். ஒன்று உங்கள் வீடு. இன்னொன்று, வாடகைக்கு இருக்கும் வீடு. மூன்றாவது, கதவு எண்ணே இல்லாத வீடு. மூன்றாவது வீட்டுக்காரரால் உங்கள் படிவத்தை நிரப்ப முடியவில்லை என்றால், எந்த வரியில் அவர் நின்றுபோனார் என்று பாருங்கள். அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.